மொறிஸ் மைனரும் யாழ்ப்பாணத்துத் தண்ணீரும்

மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்பவரைக் கண்டால் ஊரில் முதலில் கேட்பது, "இன்னும் ஓடுகிறதா?" என்று. அடுத்தது, "சூடாகாதா?" முதல் கேள்விக்குத் தலையாட்டினால் போதும். இரண்டாவதற்கு என்னிடம் இருக்கும் பதில் நீளமானது. கேட்டவர் பாதியிலேயே நழுவிவிடுவார். ஆகவே எழுதி வைக்கிறேன். வேண்டியவர்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

எங்களுடையது 948 சி.சி. எஞ்சின் பூட்டிய மைனர் 1000. பெரியப்பா கூட்டுறவுப் பரிசோதகராக இருந்த காலத்தில் வாங்கியது. வடமராட்சி, தென்மராட்சி, தீவுப்பகுதி என்று அவர் அதில் போகாத சங்கக் கடை இல்லை. சித்திரை வெயிலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, பின்பெட்டியில் சாமான்களோடு ஓடிய கார். அது வழியில் கொதித்து நின்றதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் கைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி போவதற்குள் எஞ்சின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேற்றரின் மூடியடியில் ஆவி சீறத் தொடங்கிவிடும்.

"குளிர்நாட்டுக் கார், எங்கள் வெயிலுக்கு ஒத்துவராது" என்று சொல்லிக் கையை விரித்தவர்கள் பலர். அது தவறான பேச்சு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரை எடுத்தது. அந்தக் கார்களில் ஏராளமானவை வெப்பநாடுகளுக்குத்தான் போயின. இலங்கையில் வைத்தியரும் ஆசிரியரும் நில அளவையாளரும் அதே ரேடியேற்றரோடும் அதே விசிறியோடும் காலத்தை ஓட்டினார்கள். புதிதாக இருந்தபோது கொதிக்காத கார் இப்போது கொதிக்கிறதென்றால், உள்ளே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதைத் தேடாமல் வெளியே புதிதாக எதையாவது பூட்டுவதுதான் இங்கே வழக்கமாகிவிட்டது: பெரிய ரேடியேற்றர், மின்விசிறி, கூட்டிவிட்ட அழுத்த மூடி. நோயை விட்டுவிட்டுப் போர்வையை மாற்றும் வைத்தியம்.

முதலில் ஒரு வெப்ப மீற்றர் பூட்டுங்கள். மைனரின் முகப்புப் பலகையில் வேகமானி இருக்கிறது, அதற்குள்ளேயே பெற்றோல் முள் இருக்கிறது, வெப்பம் காட்டும் முள் கிடையாது. எஞ்சின் சூடேறுவதை மூக்கால் மோந்துதான் அறியவேண்டும்; மூக்குக்கு எட்டும் நேரத்தில் ஹெட் கஸ்கட் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும். பல ஹெட்களின் முன்முகத்தில், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாத வால்வு) இருக்கும் கூட்டுக்குக் கீழே, அடைப்புத் திருகு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி மீற்றரின் குமிழைச் செருகலாம். மெல்லிய செப்புக் குழாயோடு வரும் பழைய வகை மீற்றர் மின்சாரம் கேட்பதில்லை என்பதால் எனக்கு அதுதான் பிடித்தம். அந்தக் குழாயை மட்டும் மடித்துவிடக் கூடாது. மடிந்தால் மீற்றரையே எறியவேண்டியதுதான்.

மீற்றர் பூட்டியவர்கள் அடுத்து விழுவது பயத்தில். முள் 95ஐத் தொட்டவுடன் காரை ஓரங்கட்டுகிறார்கள். கணக்கு இதுதான்: கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். மைனர் 1000இன் ரேடியேற்றர் மூடி 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல்) அழுத்தத்தைத் தாங்குவது. அந்த அழுத்தத்தில் கொதிநிலை ஏறத்தாழ 111க்குப் போய்விடும். ஆகவே 82 பாகைத் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின் வெட்டையில் 80க்கும் 90க்கும் இடையில் நிற்பதும், ஏற்றத்தில் 95ஐத் தாண்டுவதும் இயல்பு. நுவரெலியாவில், 1868 மீற்றர் உயரத்தில், திறந்த தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். நல்ல மூடி இருந்தால் அங்கேயும் 106 வரை இடம் இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அந்த இடம் முழுவதும் போய்விடும். மலைநாட்டுக்குப் போய்க் கொதித்த பழைய கார்களில் எத்தனைக்கு மூடிதான் காரணம் என்று யாரும் பார்ப்பதில்லை.

மீற்றர் பொய் சொல்லும் ஒரு நேரமும் உண்டு. தண்ணீர் குறைந்து குமிழுக்குக் கீழே இறங்கிவிட்டால், குமிழ் வெறும் ஆவியில் நிற்கும். அப்போது முள் ஏறாது. சிலவேளை இறங்கவும் செய்யும். கடும் ஏற்றத்தில் முள் காரணமில்லாமல் கீழே போனால் மகிழாதீர்கள். உடனே நிறுத்துங்கள்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். குடாநாட்டின் அடித்தளம் முழுவதும் சுண்ணாம்புக்கல். எங்கள் கிணறுகள் அந்தக் கல்லில் ஊறிய தண்ணீரைத்தான் தருகின்றன. எந்த வீட்டுக் கேத்திலையும் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்திருக்கும். நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டே, அதே கிணற்றில் அள்ளிய தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றுகிறோம். எஞ்சினும் தண்ணீர் சூடேறும் பாத்திரம்தான். தீவுப்பகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பல கிணறுகள் உவர், அது இரும்பையே அரிக்கும். சுண்ணாம்புப் படலம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சிலிண்டர் சுவரில் படிந்த மெல்லிய படலம்கூட இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் போர்த்திய துணிபோல் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு முறை கொதித்து ஆவி போகும்போதும் சுண்ணாம்பு உள்ளேயே தங்குகிறது, நாங்கள் மேலே புதுத் தண்ணீர் ஊற்றிப் புதுச் சுண்ணாம்பு சேர்க்கிறோம். சூடாகும் கார் மேலும் சூடாவது இப்படித்தான்.

கோப்பாய்ப் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். காரைக் கொண்டுபோய் விட்டபோது அவர் ரேடியேற்றரைத் தொடவே இல்லை. குனிந்து, சிலிண்டர்கள் உள்ள இரும்பு உடலான எஞ்சின் பிளாக்கின் பின்பக்கத்தில் தாழ்வாக இருக்கும் வடிகுழாயைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. "தண்ணீர் நிறைய இருக்கிற எஞ்சினில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். வராவிட்டால் என்ன இருக்கிறதென்று நீர் யோசித்துப் பாரும்" என்றார். பிறகு அந்தக் குழாயையே கழற்றி, ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தார். முதலில் காவி நிறத்தில் களிபோல ஒன்று பிதுங்கியது. அதற்குப் பின்னால் கறுப்பும் சிவப்புமாகத் துருத்தூள், வார்ப்பு மணல்போலக் கரகரத்த சுண்ணாம்புச் சில்லுகள். பக்கத்து வட்டத் தகட்டு அடைப்பைத் தட்டி எடுத்தபோது நாலாம் சிலிண்டரைச் சுற்றி அந்தச் சேறு இறுகி நின்றது தெரிந்தது. விரலால் அழுத்தினால் தடம் விழுந்தது. முன்னால் உள்ள சிலிண்டர்களுக்குத் தண்ணீர் போய்வந்துகொண்டிருக்க, கடைசிச் சிலிண்டர் சேற்றுக்குள் நின்று வேலை செய்திருக்கிறது.

இந்த ஒரு சோதனைக்குச் செலவே இல்லை. பழைய காரை வாங்கப் போகிறவர்கள்கூட இதைச் செய்து பார்க்கலாம், விற்பவர் விட்டால். எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளாக் வடிகுழாயைத் திறவுங்கள். தாராளமாக ஓடினால் நல்லது. சொட்டினாலோ ஒன்றுமே வராவிட்டாலோ, ரேடியேற்றருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பிளாக்கைச் சுத்தம் செய்யுங்கள். கீழே தேங்கிய சேறு ரேடியேற்றரைக் கழுவினால் போகாது. புதிய ரேடியேற்றர் பூட்டினால், அந்தச் சேறே மெல்ல மெல்ல மேலே வந்து அதையும் அடைக்கும்.

சுத்தம் செய்யும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஹெட்டின் பின்முனையில் ஹீற்றருக்கென்று விட்டிருக்கும் வாயின் தகட்டைத் திறந்து, அதன் வழியாகக் குழாய்த் தண்ணீரை விட்டு, வடிகுழாய் ஓட்டையால் வெளியேற்றவேண்டும். இடையிடையே கம்பியால் குடைய வேண்டும். தெளிந்த தண்ணீர் வரும்வரை இதைத் தொடருங்கள். அரை நாள் போகும். சேறு போன பிறகுதான் சுண்ணாம்பைக் கரைக்கும் வேலை. சிட்ரிக் அமிலத் தூளை லிற்றருக்கு 50 கிராம் அளவில் கரைத்து ஊற்றினேன். இந்த எஞ்சின் ஏறத்தாழ 5 லிற்றர் கொள்ளும், ஆகவே கால் கிலோ. எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, இளஞ்சூடாக இருக்கும்போதே வடித்துவிடவேண்டும். இரவெல்லாம் விட்டுவைத்தால் அமிலம் சுண்ணாம்போடு நிற்காது, உலோகத்தையும் தின்னும். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறையும் வெறும் தண்ணீரால் பலமுறையும் அலசவேண்டும். ஒரு எச்சரிக்கை: சில பழைய ரேடியேற்றர்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பது சுண்ணாம்புதான். அது கரைந்ததும் ஒழுகத் தொடங்கும். ஒழுகினால் அமிலத்தைத் திட்டாதீர்கள்; ரேடியேற்றர் எப்போதோ போய்விட்டது.

ரேடியேற்றர் நல்லதா என்று பார்க்க, காரை ஓட்டிச் சூடேற்றி நிறுத்தி, விசிறி நின்ற பிறகு, அதன் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சூடு படிப்படியாகக் குறையவேண்டும். நடுவில் எங்காவது குளிர்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்துக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. நல்ல ரேடியேற்றர்காரர் மேல்தொட்டியை ஈயம் உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் தட்டைக் கம்பி விட்டு இழுத்துத் தருவார். எங்களுடையதற்கு அது போதுமாக இருந்தது. செதில்கள் இற்றுப் பொடியாக உதிர்ந்தால் கம்பி விட்டும் பயனில்லை, உள்ளடுக்கை மாற்றவேண்டும். செம்பும் பித்தளையும் சேர்ந்த பழைய ரேடியேற்றரை அலுமினியத்துக்காக எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அதை ஊர்க் கராஜில் திருத்தலாம். மற்றதைத் திருத்த ஆள் தேடவேண்டும்.

சுத்தமான எஞ்சினுக்குள் மறுபடியும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். நான் ஊற்றுவது மழைத்தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் ஒன்றிரண்டு பெய்தல் ஓட்டுக்கூரைத் தூசியைக் கழுவிப் போகட்டும். பிறகு பிடித்துத் துணியில் வடித்துக் கலன்களில் வைத்துக்கொண்டால் ஆண்டுக்குக் காணும். மழை தவறினால் பற்றறிக்கு விடும் வடிநீர் வாங்கலாம். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. பிளாக் இரும்பு, துருப்பிடிக்கும். ஆகவே துருத்தடுப்புச் சேர்ந்த கூலன்ற் வேண்டும். எங்களுக்கு உறைபனி இல்லை, எனவே பாதிக்குப் பாதி கலக்கவேண்டியதில்லை. கால் பங்கு கூலன்ற், முக்கால் பங்கு தண்ணீர் போதும். கூலன்ற் கூடினால் வெப்பத்தைச் சுமக்கும் வலு குறையும், தண்ணீருக்கு உள்ள அந்த வலு வேறெதற்கும் வராது. கடைக்காரர் நீட்டும் புதிய கார்களுக்கான நீண்டகால வகையை விட்டு, ஈயம் பற்றவைத்த பழைய ரேடியேற்றருக்கு ஏற்ற பழைய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காரில் பக்கப் போத்தல் கிடையாது. மிஞ்சிய தண்ணீர் கழுத்துக்குழாயால் நிலத்தில்தான் விழும். சூடேறிய தண்ணீர் விரிந்து தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆறியபின் பார்த்தால் மட்டம் கழுத்திலிருந்து ஓர் அங்குலமோ சற்றுக் கூடவோ கீழே நிற்கும். காலையில் அதைப் பார்த்துப் பதறி விளிம்புவரை நிரப்புகிறார்கள், மாலையில் அது வெளியே வழிகிறது, "கார் தண்ணீர் குடிக்கிறது" என்று கராஜுக்கு ஓடுகிறார்கள். ரேடியேற்றரின் உள்குழாய்கள் மூழ்கியிருந்தால் போதும். விட்டுவிடுங்கள். மூடி வாங்கும்போது அழுத்த அளவை மட்டும் பார்க்காமல் கழுத்தின் ஆழத்தையும் பாருங்கள். பழைய கழுத்து ஆழமானது. குட்டையான புது மூடி வெளியே இறுக்கமாக நின்றாலும் உள்ளே தளத்தைத் தொடாது, அழுத்தமே ஏறாது. மற்றப் பக்கம், 13, 15 பி.எஸ்.ஐ. என்று புதுக் கார் மூடியைப் போட்டால் மேல்தொட்டியின் பற்று பிரியும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜுக்கு ஒரு கட்சி. "எங்கள் வெயிலுக்கு அது தேவையில்லை" என்று கழற்றி எறிவதே பெரும்பான்மை. நான் சிறுபான்மை. தெர்மோஸ்டாட் சூட்டைக் கூட்டும் பொருள் அல்ல. முழுதாகத் திறந்தபின் தண்ணீரைத் தடுப்பதும் மிகக் குறைவு. அந்தச் சிறு தடைதான் பிளாக்குக்குள் தண்ணீரைப் பின்சிலிண்டர்வரை தள்ளிப் பரப்ப உதவுகிறது. கழற்றிவிட்டால் காலையில் எஞ்சின் நெடுநேரம் குளிராகவே ஓடும், ஒயிலில் பெற்றோல் கலக்கும், சிலிண்டர் தேயும். கெட்டுப்போய்த் திறக்காத தெர்மோஸ்டாட் கொதிக்க வைக்கும் என்பது உண்மை. அதற்கு மருந்து புதியது வாங்குவது. வாங்கியதை அடுப்பில் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்து, எப்போது திறக்கிறதென்று பார்த்துப் பூட்டுங்கள். வெப்பநாட்டுக்கு 74 பாகை வகையும் உண்டு. எங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் அது தொடங்கும் சூட்டைத்தான் குறைக்கும். ரேடியேற்றர் அடைத்திருந்தால் 74 ஆனாலும் 82 ஆனாலும் முடிவு ஒன்றுதான்.

தெர்மோஸ்டாட் கூட்டுக்கு அடியில், ஹெட்டையும் வோட்டர் பம்ப்பையும் இணைத்து, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஹோஸ் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, கீழிருந்து பார்த்தால் கை போகாது. பழைய ஹோஸ்களில் முதலில் வெடிப்பது பெரும்பாலும் அதுதான். பம்ப்பையோ ஹெட்டையோ எந்தக் காரணத்துக்காகக் கழற்றினாலும் அதையும் மாற்றிவிடுங்கள். பம்ப்பின் அடிப்பக்கத்துச் சிறு துளையில் ஒழுக்கின் கறை தெரிந்தால் அதன் சீல் போகிறது என்று அறிக. விசிறிப் பெல்ட்டை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தாழவேண்டும். அதற்குமேல் தாழ்ந்தால் வழுக்கும்.

இவ்வளவும் செய்தபின் குடாநாட்டுக்குள் கார் குளிர்ந்த பிள்ளையாகிவிட்டது. ஏ9 வீதியில் வன்னி வெட்டையிலும் முள் அசையவில்லை. மாத்தளையிலிருந்து கண்டிக்கு ஏறும்போதுதான் மறுபடியும் மேலே போனது. தண்ணீர்ப் பக்கம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் மட்டும் சூடேறுகிறதென்றால், வெப்பம் வெளியேறுவதில் குறை இல்லை. தேவைக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. கோப்பாய் ஐயா, சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, விளக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது மண்ணெண்ணெய்க் காலத்து ரைமிங், தம்பி. நீர் பெற்றோல் விட்டு ஓடுகிறீர்." ரைமிங் என்பது தீப்பொறி விழும் நேரம்.

1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ்களும் அப்படித்தான் நோயாளிகளையும் மணமக்களையும் சுமந்தன. மண்ணெண்ணெய் அழுத்தத்தில் தானாகவே வெடித்து எஞ்சினைக் கணகணவென்று தட்டவைக்கும். அதைத் தவிர்க்கத் தீப்பொறியைப் பிந்தவைத்தார்கள். எஞ்சினின் அழுத்தத்தைக் குறைக்க இரண்டு கஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தவர்களும் உண்டு. அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்காரத்தனம். ஆனால் பெற்றோல் திரும்பி வந்த பிறகும் பல எஞ்சின்களில் அந்த ரைமிங் அப்படியே தங்கிவிட்டது. தீப்பொறி பிந்தினால் எரிதல் பிந்தும். பிஸ்ரனைத் தள்ளவேண்டிய வெப்பம் புகைவாயில் வழியாகப் போய் ஹெட்டைச் சுடும். இந்த எஞ்சினில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு ஒரே புகைவாயில், அந்த இடம் ஏற்கெனவே சூடானது.

ஹெட்டைத் திறந்தபோது எங்களுடையதிலும் இரட்டைக் கஸ்கட் இருந்தது. ஐயா அதை ஒற்றையாக்கி, நட்டுகளை 40 அடி-பவுண்டு இறுக்கி, சிறிது ஓடியபின் மறுபடியும் இறுக்கி, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்தார். டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பொயின்ற்றின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். அதன் குதி தேயத்தேய இடைவெளி சுருங்கும், சுருங்கச் சுருங்கத் தீப்பொறி பிந்தும். ஆகவே கவனிக்காமல் விட்ட பொயின்ற்கூட எஞ்சினைச் சூடாக்கும். காபரேற்றரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் காபரேற்றர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சல் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. அப்படியானால் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓடும்போது தீப்பொறி பிந்தியே இருக்கும். கடைசியாக அவர் என்னை ஓட்டச் சொல்லி, மேல்கியரில் சிறு ஏற்றத்தில் மிதிக்கச் சொன்னார். எஞ்சின் மெல்லத் தட்டும்வரை டிஸ்ரிபியூட்டர் பக்கத்துச் சிறிய சில்லைத் திருகி முந்தவைத்து, பிறகு கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். காரின் இழுவையே மாறிவிட்டது.

மின்விசிறி பூட்ட ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு செய்தி. மைனரின் டைனமோ தருவது 20 அம்பியர் அளவுதான், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது. இரவில் விளக்கு, மழையில் துடைப்பான், கூடவே 8 அம்பியர் விழுங்கும் விசிறி என்றால் பற்றறி வீடுவரை தாங்காது. இரண்டாவது, இந்தக் கார் நேர்முனையை உடலோடு இணைத்தது. புதுக் கார் போலக் கம்பி கொடுத்தால் விசிறி தலைகீழாகச் சுற்றி, ஓடும் காற்றை எதிர்த்துத் தள்ளும். அதற்குப் பதிலாக முன்கிறிலை மறைத்திருக்கும் அழகு விளக்குகளையும் கார்ச் சங்கப் பலகைகளையும் கழற்றுங்கள். ரேடியேற்றருக்குப் பின்னாலிருந்து தண்ணீர் பீச்சிச் செதில்களுக்குள் செத்த பூச்சிகளை வெளியேற்றுங்கள். காற்று எவ்வளவு பெரிய விடயம் என்பதை ஆனையிறவில் பார்க்கலாம்: தென்மேல் காற்று வீசும் சோளகக் காலத்தில் தெற்கே போகும்போது காற்று எதிரே மோதும், முள் தூங்கும், அதே வேகத்தில் வடக்கே திரும்பும்போது காற்று முதுகில் வரும், முள் ஐந்தாறு பாகை கூடி நிற்கும்.

மலையில் ஓட்டுவதற்குத் தனிக் கை வேண்டும். கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதி நல்ல பள்ளிக்கூடம். மேல்கியரில் எஞ்சினை முனகவிட்டு இழுப்பதுதான் சூட்டுக்கு முதற்காரணம். விசிறியும் பம்ப்பும் மெதுவாகச் சுழல, மிதி மட்டும் முழுதாக அழுந்தியிருக்கும். முன்கூட்டியே கியரைக் குறைத்து, எஞ்சினைச் சற்று விரைவாகச் சுழலவிட்டு, பாதி மிதியில் ஏறுங்கள். பின்னால் வரும் வான்காரர் ஹோன் அடிப்பார். அடிக்கட்டும். ஹீற்றர் உள்ள கார் என்றால் அதைத் திறந்துவிடுங்கள்; வெக்கையில் கால் வேகும், ஆனால் அது ஒரு குட்டி ரேடியேற்றர்.

நிறுத்தவேண்டி வந்தால், காற்று முகத்தில் படும்படி நிறுத்தி, எஞ்சினை உடனே அணைக்காமல் சற்றுக் கூடிய ஐட்லிங்கில் விடுங்கள். தண்ணீர் பீச்சியடித்து வெளியேறினால் மட்டும் அணையுங்கள். 70க்குக் கீழே முள் இறங்கும்வரை மூடியில் கை வைக்கவேண்டாம். இறங்கியபின்னும் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, கால் சுற்றுத் திருகி, சீறல் அடங்கியபிறகு எடுங்கள். கொதித்த இரும்புக்குள் மலையருவித் தண்ணீரை ஊற்றி ஹெட்டை வெடிக்கவைத்தவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கையில் உள்ள தண்ணீரைச் சிறுகச் சிறுக விடவேண்டும்.

நிறுத்தி அணைத்ததும் மீற்றர் முள் ஐந்து பாகையோ அதற்கு மேலோ ஏறும். இதைக் கண்டு பயந்து எனக்குத் தொலைபேசி எடுப்பவர்கள் உண்டு. ஓட்டம் நின்ற தண்ணீருக்குள் இரும்பின் சூடு இறங்குகிறது, அவ்வளவுதான். அப்படி நின்ற காரைக் கால் மணித்தியாலம் கழித்து எழுப்ப முயன்று எழும்பாவிட்டால், அதுவும் பெரும்பாலும் எஞ்சினின் கோளாறு அல்ல. சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது. சாவியைத் திருகியதும் எஸ்.யு. மின்பம்ப் ஓயாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் அதுதான் அடையாளம். பொனற்றைத் திறந்து வைத்து, பம்ப்பின் மீதும் குழாயின் மீதும் ஈரத்துணி போட்டு, தேநீர் ஒன்று குடித்துவிட்டு வந்தால் எழும்பும்.